பாஸ் அடிச்சா ஆம்ப் கட் ஆகுதா? முதல்ல வோல்டேஜ் பாருங்க

நண்பா, பைக்ல 400 வாட் ஆம்ப் (பாட்டு சத்தத்தக் கூட்டற ஆம்ப்ளிஃபயர்) மாட்டினீங்க, வண்டி ஐடில்ல நிக்கறப்போ பாஸ் (பாட்டுல வர்ற 'தும் தும்' அடிச்சத்தம்) அடிச்சா கட் ஆகுதுன்னு கேட்டிருந்தீங்க. ஆம்ப் போச்சுன்னு பயப்படாதீங்க, கரண்ட் பத்தலன்னுதான் தோணுது, கரண்ட கம்மியா வீணாக்கற கிளாஸ் டி வகை ஆம்பே 400 வாட் ஃபுல்லா தர 12 வோல்ட்ல 40 ஆம்பியர் இழுக்கும், 9 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) பைக் பேட்டரி எப்படிங்க தாங்கும்? பாட்டு ஓடறப்போ ஆம்ப் டெர்மினல்லயே மல்டிமீட்டர் வெச்சுப் பாருங்க, 11 வோல்ட்டுக்கு கீழ போனா அதான் காரணம், பேட்டரில வோல்டேஜ் சரியா இருந்து ஆம்ப்ல மட்டும் குறைஞ்சா வயர் மெல்லிசு, இல்ல எர்த் லூஸ். அப்புறம் ஆம்ப் அதிகமா கரண்ட் இழுக்காம இருக்க, ஸ்பீக்கரக் கழட்டிட்டு 60 ஹெர்ட்ஸ் டோன் போட்டு கெயின (ஆம்ப்ல இருக்கற லெவல் குமிழ்) மெதுவா கூட்டுங்க, அவுட்புட்ல ஏசி 14 வோல்ட் வந்ததும் நிறுத்திடுங்க, 4 ஓம்ஸ்க்கு அது 50 வாட், பைக்குக்குத் தாராளம். ஆம்ப்க்குப் போற வயர்ல பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ் கண்டிப்பா போடுங்க, பெட்ரோல் டேங்க் அடியில போற வயர் அது.