விலங்குகளின் குணங்களில் உங்கள் வாழ்க்கைக்கு உண்மையிலேயே கைகொடுத்தது எது?

சிங்கத்தின் தைரியம், எறும்பின் சுறுசுறுப்பு, கழுகின் பார்வை என்று வரிசையாக எழுதிவிட்டு, "இவற்றில் எதையாவது பின்பற்றி யாராவது முன்னுக்கு வந்திருக்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கைகொடுத்தது கொக்கு. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கழுகுக் கதையை நம்பி நான் இழந்ததைச் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கதை உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். கழுகுக்கு ஆயுள் 70 வருடம். 40 வயதில் அலகு வளைந்து, நகம் மழுங்கி, இறகு கனத்துப் போகும். அப்போது அது மலை உச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைத்துக்கொள்ளும். புது அலகு முளைத்ததும் நகங்களைப் பிடுங்கும், நகம் முளைத்ததும் இறகுகளைப் பிய்த்துப் போடும். 150 நாள் வலியைத் தாங்கி மறுபிறவி எடுத்து, இன்னும் 30 வருடம் வாழும்.

2017இல் இதைப் படித்தபோது எனக்கு 26 வயது. சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. அரசு வேலைக்குப் படிக்க வேண்டும் என்ற ஆசை ஏற்கெனவே இருந்தது. கழுகுதான் பிடித்துத் தள்ளிவிட்டது. வேலையை விட்டேன். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறை எடுத்து, அந்தக் கழுகுப் படத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன். நண்பர்கள் எண்களை அழித்தேன். பழையது எதுவும் மிஞ்சக் கூடாது, எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டால்தான் புதிதாக முளைக்கும் என்று நம்பினேன். தங்கையின் வளைகாப்புக்குக்கூடப் போகவில்லை. அவள் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

2018 கடைசியில் டிஎன்பிஎஸ்சி குரூப் 2 தேர்வு எழுதினேன். கிடைக்கவில்லை. அடுத்த அறிவிப்புக்காக அதே அறையில் உட்கார்ந்திருந்தேன். அது வரவில்லை, 2020 மார்ச்சில் ஊரடங்குதான் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

அந்தக் கழுகுக் கதை முழுக்கப் பொய் என்பது பிறகுதான் தெரிந்தது. பறவையின் அலகு என்பது எலும்பின் மேல் நம் நகத்தைப் போன்ற கெரட்டின் உறை. தேயத் தேய வளர்ந்துகொண்டே இருக்கும். அலகு உடைந்துபோனால் கழுகால் இரையைக் கிழிக்க முடியாது. 150 நாள் இருக்கட்டும், அதற்கு வெகு முன்பே பட்டினியால் செத்துவிடும். காட்டில் 40 வயது வரை இருக்கும் கழுகே அபூர்வம்.

சரி, கொக்குக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் பக்கம். வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்தால்தான் நெல். என் பெரியப்பா கண்மாயில் மடை திறந்து, வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவர். எங்கள் பக்கம் நீர்பாய்ச்சி என்பார்கள். அறுப்பு முடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவருக்கு நெல் வரும். அந்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. வீட்டில் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் விடிகாலையில் அவரோடு கண்மாய்க் கரைக்குப் போக ஆரம்பித்தேன். அவர் கரையில் நண்டு வளைகளை அடைத்துக்கொண்டு போவார். நான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன்.

நடு மடைக்கு வெளியே, தண்ணீர் வாய்க்காலில் விழும் இடத்தில் தினமும் ஒரு மடையான் நிற்கும். குளத்துக்கொக்கு, குருட்டுக்கொக்கு என்றும் சொல்வார்கள். உட்கார்ந்திருந்தால் மண் நிறம். பக்கத்தில் போகும்வரை கண்ணுக்கே தெரியாது. பறந்தால் மட்டும் இறக்கை முழுக்க வெள்ளையாகத் தெரியும். கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு கல் மாதிரி நிற்கும்.

அதைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்தில் படித்த ஔவையாரின் மூதுரைப் பாட்டு நினைவுக்கு வந்தது. ஓடுமீன் ஓட, உறுமீன் வருமளவும் வாடி இருக்குமாம் கொக்கு. மூன்று வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த வரி அது. சின்ன வேலைகளெல்லாம் ஓடுமீன், போகட்டும், உறுமீன் வரும். பெரியப்பாவிடமும் அதையே சொன்னேன்: "நானும் இந்தக் கொக்கு மாதிரிதான் பெரியப்பா, காத்துக்கிட்டு இருக்கேன்."

அவர் மண்வெட்டியை ஊன்றிவிட்டு நின்றார்.

"அது சும்மா காத்துக்கிட்டு நிக்கலப்பு. தண்ணி ஓடுற எடமாப் பாத்து நிக்குது. நாளைக்கு இந்த மடைய அடைச்சிட்டுக் கீழ மடையத் தொறப்பேன். நாளைக்கு அது எங்க நிக்குதுன்னு வந்து பாரு."

மறுநாள் போனேன். நடு மடை அடைத்துக் கிடந்தது. மடையான் அங்கே இல்லை. கீழ மடை வாய்க்காலில் நின்றது.

வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டை முழுதாகச் சொல்லிப் பார்த்தேன். "மடைத்தலையில் ஓடுமீன் ஓட" என்றுதான் இருக்கிறது. மடைத்தலையில்! இத்தனை வருடம் அந்தச் சொல்லைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். எங்கே வேண்டுமானாலும் நின்று காத்திரு என்று ஔவை சொல்லவே இல்லை. கண்மாய் முழுக்கப் பரந்து கிடக்கிற மீன், மடையில்தான் ஒரு குறுகலான வழியாக வந்தாக வேண்டும். அங்கே நிற்பதால்தான் அந்தப் பறவை அசையாமல் நிற்க முடிகிறது. அடைத்த மடையின் முன்னால் எவ்வளவு ஒழுக்கமாக நின்றாலும் கெண்டைக் குஞ்சுகூட வராது.

என் அறை அடைத்த மடை. தேர்வு அறிவிப்பே இல்லாத காலத்தில், வேறு எந்தத் தண்ணீரும் வந்து சேராத ஓர் இடத்தில், பொறுமை என்ற பெயரில் நின்றிருக்கிறேன். இதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் கரைக்குப் போய் அந்தப் பறவையை மட்டும் பார்த்தேன். ஒரு காலையில் அது ஐந்து முறை கொத்தியதில் இரண்டு முறைதான் மீன் சிக்கியது. தவறிய மூன்று முறையும் கழுத்தை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது, அவ்வளவுதான்.

அடுத்தது உண்ணிக்கொக்கு. மஞ்சள் அலகு, வெள்ளை உடம்பு. மாட்டுக்குப் பின்னாலும், இப்போது டிராக்டருக்குப் பின்னாலும் கூட்டமாக நடப்பது. பேர்தான் உண்ணிக்கொக்கு, உண்ணி அதற்குக் கொஞ்சம்தான். மாடு நடக்கும்போது புல்லிலிருந்து துள்ளும் வெட்டுக்கிளிகள்தான் அதற்கு முக்கியச் சாப்பாடு. தனியாக மேய்வதைவிட மாட்டோடு போகும்போது குறைவாக நடந்து அதிகமாகப் பிடிக்கிறது என்று பறவை ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இருந்த இந்தப் பறவை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென்னமெரிக்கா போய்ச் சேர்ந்தது, அடுத்த நூற்றாண்டில் வட அமெரிக்காவின் பெரும்பகுதியில் பரவியது. மனிதன் காட்டை அழித்து மாடு மேய்த்த இடமெல்லாம் அதற்கும் இடம் கிடைத்தது.

இன்னொருவர் பின்னால் போவது எனக்கு எப்போதும் கேவலமாகப் பட்டது. காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் உதவியாளர் வேலை இருப்பதாக மாமா சொன்னபோது, அங்கே எனக்கு மேல் இருப்பவர் என்னைவிட நான்கு வயது சின்னவர் என்று கேட்டு மறுத்திருந்தேன். உழவு வயலில் அந்தக் கொக்குகளைப் பார்த்த பிறகு, 2021 தையில் போய்ச் சேர்ந்தேன். இரண்டு வருடம் அந்தத் தம்பியின் பின்னாலேயே நடந்தேன். கல்லூரியில் மூன்று வருடம் படித்தும் தெரியாதது, கடைக்காரர்கள் கொண்டுவந்து கொட்டும் பில் கட்டுகளிலிருந்து தெரிந்தது. ஜிஎஸ்டி தாக்கல், வங்கிக் கடனுக்கான கணக்கு அறிக்கை எல்லாம் அவர் கிளப்பிவிட்ட வெட்டுக்கிளிகள். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவரும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

சின்னக்கொக்கு ஒன்று உண்டு. கறுப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சள். அது பெரும்பாலும் சும்மா நிற்பதும் இல்லை, பின்னால் போவதும் இல்லை. ஒரு காலைத் தண்ணீருக்குள் விட்டு வேகமாக நடுக்கிக் கலக்கும். ஒளிந்திருக்கும் மீன் வெளியே பாயும். 2023இல் திருப்பத்தூர் கடைவீதியில் ஒவ்வொரு கடையாக ஏறி, கணக்கு எழுத ஆள் வேண்டுமா என்று கேட்ட நாட்களில் இதை நினைத்துக்கொள்வேன். முதல் மாதம் இரண்டு கடை. இப்போது 14.

நடுவில் 2022 மே மாதம் தேர்வும் வந்தது. வேலை பார்த்துக்கொண்டே படித்து எழுதினேன். கிடைக்கவில்லை. ஆனால் இந்த முறை நான் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கவில்லை. மறுநாள் அலுவலகம் போனேன்.

ஓய்வைப் பற்றிச் சொல்ல நீர்க்காகம் இருக்கிறது. கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரத்தில் இறக்கையை விரித்தபடி உட்கார்ந்திருக்குமே, அதுதான். வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் இறகு நனையும். நனைவதால்தான் மிதப்பு குறைந்து ஆழத்தில் மூழ்கி மீனை விரட்ட முடிகிறது. அதற்காகவே வெயிலில் நின்று காய வேண்டியிருக்கிறது. மார்ச் மாதக் கணக்கு முடிப்பு வேலைக்குப் பிறகு இரண்டு நாள் எதையும் தொடாமல் வீட்டில் இருக்கிறேன். முன்பெல்லாம் இது குற்ற உணர்ச்சியாக இருக்கும். இப்போது இல்லை.

இதோடு இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. எங்கள் ஊரிலிருந்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் பக்கம். அங்கே கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரளக் கூடாது என்று தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஒருமுறை அங்கே போனபோது மரத்தடியில் ஒரு கொக்குக் குஞ்சு செத்துக் கிடந்தது. தலையில் கொத்துப்பட்ட காயம். மேலே கூட்டில் அதைவிடப் பெரிய குஞ்சுகள் இரண்டு கத்திக்கொண்டிருந்தன. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: உண்ணிக்கொக்கு, பெரிய கொக்கு போன்றவற்றில் மூத்த குஞ்சுகள் கடைசிக் குஞ்சைக் கொத்தியே கொல்வதுண்டு, தாயும் தகப்பனும் தடுப்பதில்லை. அன்று ராத்திரி தூங்க முடியவில்லை. இதிலிருந்து எந்தப் பாடத்தை எடுப்பது? எதுவும் எடுக்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பறவை எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பிறக்கவில்லை; அதன் பாட்டைப் பார்த்துக்கொண்டு வாழ்கிறது. மடையானிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என் தேவைக்காக நான் எடுத்துக்கொண்டது. அடுத்தவரை மிதித்து மேலே வருவதற்கு "இயற்கையே அப்படித்தான்" என்று விலங்குகளைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அந்தக் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பண்டிகை நாளில் காட்டும் அடக்கத்தை எந்தப் பறவையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கடைசியாக, அந்தக் கழுகு. போன வருடம் கண்மாய்க்கு மேலே ஒரு கரும்பருந்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு இறக்கையிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் ஓர் இறகு இல்லை. அந்த இடைவெளி வழியாக வானம் தெரிந்தது. பருந்து, கழுகு இவையெல்லாம் இப்படித்தான் இறகு மாற்றுகின்றன. ஒன்றிரண்டு உதிரும், அந்த இடத்தில் புதிது முளைக்கும், பிறகு அடுத்தது. பெரிய கழுகுகளுக்கு எல்லா இறகும் மாறி முடிய ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும். அதுவரையில் அது பறப்பதை நிறுத்திவிட முடியாது, நிறுத்தினால் பட்டினி. என் 26 வயதில் யாராவது இந்த உண்மைக் கழுகைக் காட்டியிருந்தால், வேலையில் இருந்துகொண்டே படித்திருப்பேன். வளைகாப்புக்கும் போயிருப்பேன்.

நீங்கள் எந்த ஊர் என்று தெரியவில்லை. கார்த்திகை, மார்கழியில் பக்கத்தில் தண்ணீர் நிற்கும் ஏரியோ கண்மாயோ கட்டாயம் இருக்கும். காலை 6 மணிக்குப் போனால் போதும், தொலைநோக்கி எதுவும் தேவையில்லை. மடைப் பக்கம் மண் நிறத்தில் ஒன்று உட்கார்ந்திருக்கும். அரைமணி நேரம் அதை மட்டும் பாருங்கள். எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைவிட, எப்போது இடம் மாறுகிறது என்று கவனியுங்கள்.