பாக்ஸர்கள் மோதினால் ரசிகர்கள் ஏன் விரோதிகளாகிறார்கள்?

2015 மே 3, ஞாயிற்றுக்கிழமை. அப்போது நான் ஷார்ஜாவில் இருந்தேன். அப்போதெல்லாம் அங்கே ஞாயிறு வேலை நாள். காலை எட்டு மணிக்கு குடோனில் பெட்டிகளை எண்ண வேண்டிய நாங்கள் ஏழெட்டு பேர், ஒரே போனைச் சுற்றி நின்றுகொண்டு அமெரிக்காவின் மேவெதரும் பிலிப்பைன்ஸின் பாக்கியாவும் மோதிய குத்துச்சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். லாஸ் வேகஸில் அது சனி இரவு. காசு கட்டிப் பார்க்க வசதி இல்லை. எந்த ஊரிலோ ஒரு புண்ணியவான் தன் வீட்டு டிவியைப் பெரிஸ்கோப் என்ற நேரலை ஆப்பில் காட்ட, அது விட்டு விட்டு வந்தது.

12 ரவுண்டும் முடிந்து மூன்று நடுவர்களும் மேவெதருக்கே கொடுத்தார்கள்: 118-110, 116-112, 116-112. நான் "சரியான தீர்ப்புதான்" என்றேன். அவ்வளவுதான். என் அறையில் கீழ்க்கட்டிலில் படுக்கும் பிலிப்பைன்ஸ் நண்பர், இரண்டு வருடப் பழக்கம், பொதுவில் இருந்த தன் ரைஸ் குக்கரை அன்று இரவு எடுத்துத் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். மூன்று வாரம் பேச்சு இல்லை.

குத்துகளை எண்ணிப் பார்த்தால் நான் சொன்னது சரி. ஆனால் அவர் குத்துகளை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. பாக்கியாவ் சிறுவயதில் தெருவில் பண்டம் விற்றவர், வீட்டை விட்டு மணிலாவுக்கு ஓடி, தெருவில் படுத்து, பிறகு வெளிநாடு போய்க் கையை நம்பிச் சம்பாதித்தவர். எங்கள் தொழிலாளர் கேம்ப்பில் இருந்த ஒவ்வொரு பிலிப்பைன்ஸ்காரருக்கும் அது பாதி சொந்தக் கதை. 'அவர் தோற்றது நியாயம்' என்று நான் சொன்னது, 'நீங்கள் எல்லாம் இவ்வளவுதான்' என்று அவர் காதில் விழுந்திருக்கிறது.

கிரிக்கெட்டிலும் இது உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் அங்கே இன்றைக்குத் தோற்றால் அடுத்த வாரம் இன்னொரு மேட்ச். தோல்வியைப் பதினோரு பேர் தலையில் பிரித்துப் போடலாம். இந்தச் சண்டைக்கோ 2009 முதலே ஆள் ஆளுக்குக் காத்திருந்தார்கள். எதிராளி எழ முடியாமல் விழும் நாக்-அவுட் இல்லாவிட்டால் முடிவு மூன்று நடுவர்கள் கையில் உள்ள மதிப்பெண் காகிதத்தில் இருக்கிறது. அதைப் பற்றிச் சாகும்வரை சண்டை போடலாம்.

அப்புறம், பகையே அங்கே சரக்கு. மேவெதர் 'அழகுப் பையன்' என்ற பட்டப்பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டு 'பணம்' என்று வைத்துக்கொண்ட ஆள். தன்னைப் பிடித்தவன் ஜெயிப்பதைப் பார்க்கக் காசு கொடுப்பான், பிடிக்காதவன் உதை வாங்குவதைப் பார்க்கக் காசு கொடுப்பான் என்று அவருக்குத் தெரியும். அமெரிக்காவில் மட்டும் சுமார் 46 லட்சம் வீடுகள் கிட்டத்தட்ட நூறு டாலர் கொடுத்து அதைப் பார்த்தன.

ஆனால் இந்த வியாபாரம் எவ்வளவு கொடூரமாகப் போகும் என்பதற்கு அலி - ஃப்ரேசியர் கதைதான். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் முகமது அலியின் பட்டத்தைப் பறித்தார்கள், மூன்றரை வருடம் ரிங்கில் ஏறவிடவில்லை. 1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் அவரும் ஜோ ஃப்ரேசியரும் மோதியபோது இருவருமே அதுவரை தோற்காதவர்கள். போரை எதிர்த்தவர்கள் அலி பக்கம் நின்றார்கள். அலியின் வாயைப் பொறுக்காதவர்கள் எல்லாம் ஃப்ரேசியரைத் தங்கள் ஆளாக எடுத்துக்கொண்டார்கள். ஊரே இதில் மூழ்கியிருக்கும் என்று கணக்குப் போட்டு, அதே இரவில் பென்சில்வேனியாவில் ஒரு எஃப்.பி.ஐ. அலுவலகத்தின் பூட்டை உடைத்து ரகசியக் கோப்புகளை அள்ளிப் போனது ஒரு போர் எதிர்ப்புக் குழு!

இப்படித் தங்கள் ஆளாக எடுத்துக்கொள்ளலாமா என்று ஃப்ரேசியரை யாரும் கேட்கவில்லை. அவர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, ஃபிலடெல்ஃபியாவில் கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தவர். அலிக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று பேசியவர், கஷ்டத்தில் பணமும் கொடுத்தவர். அந்த மனிதரைத்தான் அலி 'வெள்ளைக்காரனின் கைக்கூலி' என்றார். நானும் அலி பக்தன்தான்; இந்த ஒரு விஷயத்தில் அவரை மன்னிக்க முடியவில்லை. கறுப்பின மக்களில் பலர் அதை நம்பினார்கள். ஃப்ரேசியரின் பிள்ளைகள் பள்ளியில் கேலிப்பேச்சு கேட்டார்கள். அன்று 15ஆவது ரவுண்டில் இடக்கையை வளைத்து விட்ட ஒரு ஹூக் குத்தில் அலியைத் தரையில் சாய்த்து ஃப்ரேசியர் ஜெயித்தார். அப்போதும் அவருக்கு அந்தப் பெயர் போகவில்லை.

1975இல் மணிலாவில் மூன்றாவது சண்டை. அலி ரப்பர் கொரில்லா பொம்மையைக் கையில் வைத்து, இதுதான் ஃப்ரேசியர் என்று குத்திக் காட்டி விளம்பரம் செய்தார். 14 ரவுண்டு முடிந்ததும் ஃப்ரேசியருக்குக் கண் தெரியவில்லை. பயிற்சியாளர் எடி ஃபட்ச் போதும் என்று நிறுத்திவிட்டார். ஜெயித்தவர் பெயரில் அங்கே குபாவோ பகுதியில் அலி மால் எழுந்தது. என் நண்பர் சிறுவயதில் அங்கே செருப்பு வாங்கப் போவாராம். 2001இல் அலி, டிக்கெட் விற்கத்தான் அப்படிப் பேசினேன் என்று பத்திரிகை மூலம் மன்னிப்புக் கேட்டார். முப்பது வருடம் கழித்து!

இதற்கெல்லாம் முன்னாலேயே, 1910 ஜூலை 4 அன்று கறுப்பினச் சாம்பியன் ஜாக் ஜான்சன், 'வெள்ளையர்களின் நம்பிக்கை' என்று கூட்டி வரப்பட்ட முன்னாள் சாம்பியன் ஜெஃப்ரீஸை அமெரிக்காவின் ரீனோ நகரில் வீழ்த்தினார். அன்று இரவே அமெரிக்காவின் பல ஊர்களில் கலவரம். பல உயிர்கள் போயின. செத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஜான்சன் குத்தியது ஒருவரைத்தான். அடி வாங்கியது தாங்கள்தான் என்று ஓர் இனமே நினைத்துக்கொண்டது.

சரி, குக்கர் கதைக்கு வருகிறேன். பாக்கியாவுக்கு வலது தோளில் காயம் இருந்ததும் சண்டை முடிந்த சில நாளில் ஆபரேஷன் நடந்ததும் செய்தியில் வந்திருந்தன. மூன்றாவது வாரக் கடைசியில் நண்பர் அந்தச் செய்தியைப் போனில் காட்டி, "ஒற்றைக் கை" என்றார்.

"ரெண்டு கையும் நல்லா இருந்திருந்தால் கதையே வேற" என்றேன்.

பொய்தான். அன்று இரவு குக்கர் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.