மேஃப்ளவரில் வந்த ஜான் ஹவ்லண்டின் வம்சம்: கேள்வி பதில்

1620-இல் இங்கிலாந்திலிருந்து 102 பயணிகளோடு அமெரிக்கா வந்த கப்பல் மேஃப்ளவர். அதில் வந்த ஜான் ஹவ்லண்டின் வாரிசுகளைத் தேடுவது பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் மருமகள் அமெரிக்கப் பெண். அவள் வீட்டார் தாங்கள் ஹவ்லண்ட் வழி வந்தவர்கள் என்கிறார்கள். நம்பலாமா அக்கா?

நடக்காத விஷயமில்லை அம்மா. ஜான் ஹவ்லண்ட் கப்பல் ஏறும்போது, குடியேற்றத்தின் முதல் கவர்னரான ஜான் கார்வர் என்பவரின் பணியாள். நடுக்கடலில் புயலடித்தபோது மேல்தளத்துக்கு வந்தவர், கப்பல் சாய்ந்ததில் கடலில் விழுந்துவிட்டார். பாய்மரக் கயிறு ஒன்று தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தது. முழுக முழுக அதை விடாமல் பிடித்திருந்தவரை மேலே இழுத்து, படகுக் கொக்கி போட்டுக் காப்பாற்றினார்கள். உடன் பயணம் செய்த வில்லியம் பிராட்ஃபோர்டே இதை எழுதி வைத்திருக்கிறார்.

இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அவர்கள் குடியேறிய பிளிமத்தில் முதல் குளிர்காலத்திலேயே வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்துபோனார்கள். எலிசபெத் டில்லி என்ற சிறுமி தாய் தந்தை இருவரையும் இழந்தாள். ஜான் பிற்பாடு மணந்தது அவளைத்தான். பத்துப் பிள்ளைகள், பத்துப்பேரும் வளர்ந்து, கல்யாணமாகிக் குடும்பமானார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய பாக்கியம். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், இரண்டு புஷ் ஜனாதிபதிகள், நடிகர் ஹம்ஃப்ரி போகார்ட் எல்லாம் இந்த வழிதான். உங்கள் மருமகளும் இருக்கலாம். ஆனால் இருக்கலாம் என்பது வேறு, ஆவணத்தோடு காட்டுவது வேறு.

கேள்வி: ஜானிடம் ஆரம்பித்துக் கீழே இறங்கி வந்தால் சீக்கிரம் முடியுமா?

அப்படிச் செய்யாதீர்கள். பத்துப் பிள்ளைகளின் கிளைகளில் எது உங்களுடையது என்று தெரியாமல் திணறுவீர்கள். இன்று இருப்பவரிடம் தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏறுங்கள். பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் தேடுங்கள். இன்னாருக்கு இன்னார் பிள்ளை என்று சொல்லும் ஒரு தாளாவது ஒவ்வொரு படியிலும் வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நல்ல துணை. 1950 வரையிலானது இப்போது பார்வைக்கு இருக்கிறது. 1890 கணக்கு மட்டும் 1921 தீ விபத்துக்குப் பின் பெரும்பாலும் இல்லாமல் போய்விட்டது. 1850 முதல் வீட்டிலுள்ள எல்லோர் பெயரும் கிடைக்கும். அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மனைவி மக்கள் வெறும் எண்ணிக்கை. முக்கால்வாசிப்பேர் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். அங்கே கைகொடுப்பவை உயில், நிலப் பத்திரம், ஊர்ப் பதிவேடு. மாசசூசெட்ஸில் பல ஊர்களின் 1850 வரையிலான பதிவுகள் அச்சிலேயே உள்ளன. அப்புறம், மேஃப்ளவர் வாரிசுகள் சங்கம் முதல் ஐந்து தலைமுறைகளை ஆராய்ந்து புத்தகங்களாகப் போட்டிருக்கிறது. அதிலுள்ள ஒருவரைத் தொட்டுவிட்டால் மேல்பாதி வேலை மிச்சம்.

கேள்வி: இணையத்தில் ஒரு வம்சாவளியில் எலிசபெத் கவர்னர் கார்வரின் மகள் என்றிருக்கிறது. நீங்கள் டில்லி என்கிறீர்களே?

டில்லிதான் சரி. கார்வரின் மகள் என்பது பழைய நம்பிக்கை. பிளிமத் கல்லறைக் குன்றில் ஹவ்லண்டுக்குப் பிற்காலத்தில் நட்ட கல்லிலேயே அப்படிப் பொறித்துவிட்டார்கள். பிராட்ஃபோர்டின் கையெழுத்துப் பிரதி வெகுகாலம் காணாமல் போயிருந்தது. 1855-இல் அது லண்டன் பிஷப்பின் நூலகத்தில் இருப்பது தெரிந்து, அடுத்த வருடமே அச்சானது. அதில் ஹவ்லண்ட் ஜான் டில்லியின் மகளை மணந்ததாகத் தெளிவாக இருந்தது. கல்லில் இருக்கிறதே, புத்தகத்தில் இருக்கிறதே என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதை எழுதியவர் எப்போது எழுதினார், அவருக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். இணைய வம்சாவளி மரங்களில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பாதி உதிர்ந்துவிடும்.

கேள்வி: பெண்கள் கல்யாணத்துக்குப் பின் கணவர் குடும்பப் பெயருக்கு மாறிவிடுகிறார்களே, அவர்களை எப்படிப் பின்தொடர்வது?

உயில்! எலிசபெத் 1686 டிசம்பரில் எழுதிய உயிலைப் படித்துப் பாருங்கள், அவ்வளவு அருமையானது. தனக்கு வயது 79 என்கிறார். 1607 ஆகஸ்டில் இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயரின் ஹென்லோ ஊரில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தையோடு கணக்குப் பொருந்துகிறது. மூத்த மகன் ஜானுக்கு ஐந்து பவுண்டும், பைபிளை ஆங்கிலத்தில் பெயர்த்த டிண்டேலின் நூலும். ஜோசப்புக்கு எடை போடும் வெள்ளிக்கோல். மகள்களை லிடியா பிரவுன், எலிசபெத் டிக்கின்சன், ஹன்னா பாஸ்வொர்த் என்று புகுந்த வீட்டுப் பெயரோடு குறிப்பிடுகிறார். மூன்று கிளைகளுக்கு ஒரே தாளில் வழி கிடைத்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. டிசையர், ஹோப் என்ற இரு மகள்களுக்கு அதில் பங்கில்லை. அவர்கள் பிள்ளைகளே இல்லை என்று அர்த்தமில்லை. உயில் எழுதுமுன்பே இறந்துவிட்டார்கள். அவர்களுடைய வாரிசுகள் ஏராளம்.

கேள்வி: ஜான் இறந்த வருடம் 1672/3 என்று போட்டிருக்கிறது. எந்த வருடம்?

நம் கணக்கில் 1673. 1752 வரை ஆங்கிலேயருக்கு வருடப் பிறப்பு மார்ச் 25. அவர் இறந்தது பிப்ரவரியில். அவர்களுக்கு அது இன்னும் 1672. இரண்டையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், ஒன்றை வெட்டாதீர்கள்.

கேள்வி: என் நண்பரின் குடும்பப் பெயரே ஹவ்லண்ட். டிஎன்ஏ சோதனை செய்தால் போதுமா?

போதாது தம்பி. ஜானின் சகோதரர்கள் ஆர்தர், ஹென்றி இருவரும் பிளிமத் குடியேற்றத்துக்கு வேறு கப்பல்களில் வந்து குடும்பமானவர்கள். ஆண்வழிச் சோதனை ஹவ்லண்ட் என்று காட்டினாலும் மூன்று சகோதரர்களில் யார் வழி என்று பிரித்துச் சொல்வது கடினம், மூவருக்கும் அப்பா ஒருவர்தானே. வழக்கமான சோதனையும் இவ்வளவு தூரம் எட்டாது. பன்னிரண்டு தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 4,096 மூதாதையர் இடங்கள்; அவர்களில் பலரிடமிருந்து இன்று ஒரு துணுக்குகூட வந்திருக்காது.

சோதனை உதவுவது கிட்டத்து உறவில். கொள்ளுத்தாத்தாவின் தகப்பனார் யார் என்று சந்தேகமிருந்தால், ஒன்றுவிட்ட உறவினர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நண்பரின் தாத்தா பாட்டி யாராவது இருந்தால் முதலில் அவர்களைச் செய்துகொள்ளச் சொல்லுங்கள். அவர்களிடம் பழைய பங்கு கூடுதலாக இருக்கும். அப்படியே வீட்டு பைபிளின் முன்பக்கத்தில் பிறந்த தேதிகள் எழுதியிருக்கிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள்.