கேளுங்கள் டீச்சரை: மாநிலச் சராசரியும் சின்ன ஊர்ப் பள்ளியும்

(பென்சில்வேனியா அரசுப் பள்ளிகளில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.)

கணவருக்கு மத்திய பென்சில்வேனியாவில் ஒரு சிறிய ஊர் மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. நியூஜெர்சியிலிருந்து குடிபெயர வேண்டும். மகள் நான்காம் வகுப்புக்குப் போகிறாள். அந்த ஊர்ப் பள்ளிகளை நடத்தும் 'பள்ளி மாவட்டத்தில்' நான்காம் வகுப்புக் கணக்குத் தேர்ச்சி இந்த வருடம் மாநிலச் சராசரிக்குக் கீழே இருக்கிறது. போன வருடம் மேலே இருந்தது. ஒரே வருடத்தில் பள்ளி கெட்டுப்போகுமா?
– வாசகி, எடிசன்

கெட்டுப்போகாது அம்மா. அந்த விகிதத்தைப் பார்க்கும் முன் நான்காம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று பாருங்கள். இருபது பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழந்தை என்றால் ஐந்து சதவீதம். தேர்வு வாரத்தில் ஒரு பையனுக்கு வயிற்றுக் கோளாறு, ஒரு பெண்ணின் வீட்டில் அப்பா அம்மா பிரிகிறார்கள், கணக்கில் புலியான இன்னொருவன் பிப்ரவரியில் ஊர் மாறிவிட்டான். முடிந்தது, பதினைந்து சதவீதம் போச்சு. அதே மூன்று பிள்ளைகளை மாநிலக் கணக்கில் போட்டால் தசமப் புள்ளிகூட அசையாது. அங்கே ஒரு வகுப்புக்கே ஒரு லட்சத்துக்கு மேல் பிள்ளைகள். மாநிலச் சராசரி ஆடாமல் நிற்பதும் சின்ன ஊர் ஊசலாடுவதும் வெறும் எண்ணிக்கையின் வேலை. மாநில அளவில் பள்ளிகளை வரிசைப்படுத்தினால் பட்டியலின் உச்சியிலும் சின்னப் பள்ளிகள் நிறைய வரும், அடியிலும் நிறைய வரும். உச்சியில் வருபவற்றை மட்டும் பார்த்து 'சின்னப் பள்ளிதான் நல்லது' என்று கிளம்பிய பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள்.

நான் வேலை பார்த்த இடங்களில் ஒன்று இப்படிப்பட்ட சின்னப் பள்ளி. பி.எஸ்.எஸ்.ஏ. என்ற மாநிலத் தேர்வு வந்தால் சுவரில் இருக்கும் வாய்ப்பாடு, எண்கோடு, பின்ன அட்டை எல்லாவற்றையும் காகிதம் ஒட்டி மறைக்க வேண்டும். பிள்ளைகள் அந்த வெள்ளைக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு அடியில் இருந்ததை ஞாபகப்படுத்திக்கொள்வார்கள். அதைத் தடுக்க விதி இல்லை. முடிவு வரும்போது எங்களுக்குச் சதவீதமே தேவைப்படாது. தாளைப் பார்த்ததும் யார் யார் என்று தெரிந்துவிடும். அதனால்தான் ஒரு பிரிவில் பிள்ளைகள் மிகக் குறைவாக இருந்தால் அறிக்கையில் எண்ணையே போடமாட்டார்கள், கட்டம் காலியாக இருக்கும். எதையோ மறைக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஆறு பேர் உள்ள பிரிவின் விகிதத்தைப் போட்டால் ஊரில் எல்லாருக்கும் யாருடைய மதிப்பெண் என்று தெரிந்துபோகும்.

சரி, நீங்கள் என்ன பார்க்கலாம்? ஒரு வருடத்தை விட்டுவிட்டு மூன்று நான்கு வருடங்களைச் சேர்த்துப் பாருங்கள். மாநில அரசின் 'ஃபியூச்சர் ரெடி பி.ஏ. இண்டெக்ஸ்' தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் தனிப் பக்கம் உண்டு. அதில் தேர்ச்சி ஒரு பக்கம், வளர்ச்சி ஒரு பக்கம். எனக்கு வளர்ச்சிதான் முக்கியம். பிள்ளைகள் எந்த நிலையில் உள்ளே வந்தார்களோ அங்கிருந்து ஒரு வருடத்தில் எவ்வளவு நகர்ந்தார்கள் என்பதை அது சொல்லும். தேர்ச்சி விகிதம் பெரிதும் பெற்றோரின் வருமானத்தைத்தான் சொல்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ஷான் ரியர்டன் குழு நாடு முழுவதும் மாவட்டங்களை ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்தபோது சிகாகோவின் மதிப்பெண் கீழேதான் இருந்தது. ஆனால் அங்கே மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள், அதாவது ஐந்தே வருடத்தில், பிள்ளைகள் ஆறு வருடப் படிப்பு முன்னேறியிருந்தார்கள். வெறும் தேர்ச்சியைப் பார்த்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

இன்னொன்று. நியூஜெர்சி விகிதத்தையும் பென்சில்வேனியா விகிதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். தேர்வே வேறு, 'தேர்ச்சி' என்று கோடு போடும் இடமும் வேறு. இரண்டு மாநிலங்களையும் ஒரே தேர்வில் பார்க்க என்.ஏ.இ.பி. என்ற தேசியத் தேர்வு இருக்கிறது. ஆனால் அது மாதிரிக்குச் சில பிள்ளைகளை மட்டும் எடுத்து நடத்துவது, உங்கள் சின்ன ஊருக்கென்று தனி மதிப்பெண் தராது.

பென்சில்வேனியாவில் 500 பள்ளி மாவட்டங்கள். ஃபிலடெல்ஃபியா ஒன்றிலேயே ஒரு லட்சத்துக்கும் மேல் பிள்ளைகள். மலைப்பக்கத்து மாவட்டங்களில் மழலை வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை சேர்த்தாலும் சில நூறு பேர்தான். இதையெல்லாம் கலந்து வரும் சராசரி போல ஒரு ஊர் எங்கேயும் இல்லை. அளவிலும் வருமானத்திலும் உங்கள் ஊரைப் போன்ற நாலைந்து மாவட்டங்களைத் தேடி அவற்றோடு வைத்துப் பாருங்கள்.

எங்கள் மாவட்டத்தில் ஒரு மாணவருக்குச் செலவு மாநிலச் சராசரியைவிட அதிகம் என்கிறார்கள். ஆனால் ஹைஸ்கூலில் ஸ்பானிஷ் தவிர வேறு மொழி இல்லை, கால்குலஸ் வகுப்பு ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான். பணம் எங்கே போகிறது?
– வாசகர், பென்சில்வேனியா

ஊழல் என்ற சந்தேகம் கடிதத்தில் தெரிகிறது. அதற்கு முன் பஸ்ஸைப் பாருங்கள். பிள்ளைகள் மலைக்கு ஒருவராகச் சிதறி இருக்கும் இடத்தில் அரைகுறையாக நிரம்பிய பஸ் தினமும் மைல் கணக்கில் ஓட வேண்டும். மாவட்டம் எவ்வளவு சிறிதானாலும் ஒரு சூப்பரின்டெண்டென்ட், ஒரு கணக்குப் பிரிவு, கொதிகலன், கூரை எல்லாம் வேண்டும். அந்தச் செலவை ஐந்தாயிரம் பேருக்குப் பதில் ஐந்நூறு பேரால் வகுத்தால் தலைக்கு அதிகமாகத்தான் வரும். அப்புறம் இணையத்திலேயே நடக்கும் சைபர் சார்ட்டர் பள்ளி. உங்கள் ஊர்ப் பிள்ளை வீட்டிலிருந்தே அதில் படித்தால் கட்டணத்தை உங்கள் மாவட்டம்தான் கட்டுகிறது. அந்த ஒருவர் போனதால் இங்கே ஒரு ஆசிரியரையோ ஒரு பஸ்ஸையோ குறைக்க முடியாது.

வரவுப் பக்கமும் இருக்கிறது. இங்கே பள்ளிப் பணத்தில் பெரும்பங்கு உள்ளூர் சொத்து வரி. நிலக்கரிச் சுரங்கம் மூடிய ஊரில் வரி விகிதத்தை ஏற்றினாலும் கையில் வருவது கொஞ்சம்தான். பாந்தர் வேலி, ஷெனாண்டோவா வேலி போன்ற சின்ன மாவட்டங்களும் சேர்ந்து 2014-ல் போட்ட வழக்கில், இந்த நிதிமுறை மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று மாநிலத்தின் காமன்வெல்த் நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தீர்ப்பு சொன்னது.

கால்குலஸுக்கு வழி இருக்கிறது. பக்கத்து மாவட்டத்தோடு காணொளி வகுப்பு, அல்லது அருகிலுள்ள கல்லூரியில் இரட்டைப் பதிவு, அதாவது ஹைஸ்கூலில் இருக்கும்போதே கல்லூரி வகுப்பில் சேர்வது. கவுன்சலரிடம் கேளுங்கள், கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள்.

ஆசிரியர்–மாணவர் விகிதம் 1:12, மாநிலத்தைவிட நல்லது என்று போட்டிருக்கிறது. என் பையன் வகுப்பில் 23 பேர்!
– வாசகர், டெலவேர்

விகிதம் வேறு, வகுப்பின் அளவு வேறு. இசை, உடற்பயிற்சி, சிறப்புக் கல்வி, வாசிப்பு உதவி ஆசிரியர்கள் எல்லாரையும் சேர்த்து வகுத்தது அந்தப் பன்னிரண்டு.

எங்கள் ஹைஸ்கூலில் பட்டம் பெறும் விகிதம் மாநிலத்தைவிடக் குறைவு. இடைநிற்றல் அவ்வளவா?
– வாசகி, பென்சில்வேனியா

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த விகிதம் நான்கு வருடத்தில் முடித்தவர்களை மட்டும் எண்ணுகிறது. சிறப்புக் கல்வித் திட்டத்தில் இருக்கும் பிள்ளை ஐந்தாவது வருடம் தங்கினால், சட்டப்படி அது அவர் உரிமை என்றாலும், இங்கே 'முடிக்கவில்லை' கணக்கில்தான் விழும். வேறு ஊர் போன குடும்பம் அங்கே சேர்ந்ததற்குக் காகிதம் வரவில்லை என்றாலும் அதே கதி. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இப்படி இரண்டு பேர் என்றால் ஐந்து சதவீதம். ஐந்து வருட விகிதத்தையும் கேட்டு வாங்குங்கள்.

எச்1பி விசாவில் இருக்கிறேன். பள்ளிக் குழுக் கூட்டத்தில் நான் பேசலாமா?
– வாசகர், பிட்ஸ்பர்க் அருகே

தாராளமாக. வாக்குப் போடத்தான் குடியுரிமை வேண்டும். பொதுக்கூட்டத்தில் கருத்துச் சொல்ல, அந்த மாவட்டத்தில் குடியிருப்பவர் அல்லது வரி கட்டுபவர் என்றால் போதும். அரசு அமைப்புகளின் கூட்டங்களைத் திறந்து நடத்தச் சொல்லும் பென்சில்வேனியாவின் சன்ஷைன் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எதிரே ஒன்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள், சம்பளம் இல்லாத வேலை, பாதிப் பேர் உங்கள் தெருக்காரர்களாகவே இருப்பார்கள். புது பட்ஜெட் ஜூன் 30-க்குள் நிறைவேற வேண்டும். அதனால் மே மாதக் கூட்டத்துக்குப் போங்கள், பேச வேண்டுமென்றால் முன்கூட்டியே பெயர் கொடுத்துவிடுங்கள்.