பீடியை விட்ட பிறகும் அப்பாவுக்கு ஏன் திரும்பத் திரும்ப மூச்சு வாங்குகிறது?

கரூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 67 வயது. முப்பது வருடம் பீடி குடித்தவர், ஆறு வருடமாகத் தொடவில்லை. சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கிவிடும் நாள்பட்ட நுரையீரல் நோய் என்று சொல்லி டாக்டர் கொடுத்த இன்ஹேலரைத் தினமும் இழுக்கிறார். இருந்தும் இந்த வருடம் மூன்றாவது தடவையாக ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் சாதாரண ஜலதோஷத்தில்தான் ஆரம்பிக்கிறது. பீடியை விட்டும் ஏன் இப்படி? மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மாத்திரைகளை அடுத்த ஜலதோஷத்தின்போதே கொடுத்துவிடலாமா? மூச்சு முட்டும்போது வீட்டிலுள்ள ஆக்ஸிஜன் மெஷினைக் கூட்டி வைக்கலாமா?

பீடியை விட்டது வீண் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். விடாமல் இருந்திருந்தால் அவர் நிலைமை இதைவிட மோசமாகியிருக்கும். ஆனால் முப்பது வருடப் புகை செய்துவிட்டுப் போன வேலை உள்ளே அப்படியே இருக்கிறது. மூச்சுக்குழாயின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ரோமங்கள் உண்டு. காற்றில் நெற்பயிர் சாய்வதுபோல எல்லாம் ஒரே திசையில் அசைந்து, சளியைத் தூசி, கிருமியோடு சேர்த்துத் தொண்டைக்குத் தள்ளிவிடும். புகை இந்த ரோமங்களைக் கெடுத்து, சளி சுரக்கும் செல்களைப் பெருக்கிவிடுகிறது. குப்பை கூடுகிறது, கூட்டுகிற கை குறைகிறது. தேங்கும் சளியில் பாக்டீரியாக்கள் குறைந்த எண்ணிக்கையில் குடியிருக்கும். குழாய்ச் சுவரும் எப்போதும் லேசாக வீங்கியே இருக்கும்.

இந்த நிலையில் பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு ஜலதோஷத்தைக் கொண்டுவருகிறது. பெரும்பாலும் அது ரைனோவைரஸ். பிள்ளைக்கு மூக்கு ஒழுகிச் சில நாளில் சரியாகிவிடும். தாத்தாவுக்கு அது மார்புக்குள் இறங்குகிறது. வைரஸை விரட்ட, நியூட்ரோஃபில் எனும் வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கொட்டுகின்றன. கிருமியை அழிக்க வேண்டிய அந்த நொதி, நுரையீரலின் மீள்தன்மைக்குக் காரணமான நாரையும் அரிக்கிறது, பாக்டீரியாவைத் தடுத்து வைத்திருக்கும் காவல் புரதங்களையும் சிதைக்கிறது. காவல் போனதும் அதுவரை அடங்கிக் கிடந்த பாக்டீரியா பெருகுகிறது. லண்டனில், சி.ஓ.பி.டி. உள்ளவர்கள் சம்மதத்தோடு ரைனோவைரஸைச் செலுத்திக் கவனித்தபோது, பலருக்குப் பாக்டீரியா உச்சத்தைத் தொட்டது ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான். ‘ஜலதோஷம் போய்விட்டதே, இப்போது ஏன் மூச்சு வாங்குகிறது?’ என்று வீட்டில் கேட்பதற்குப் பதில் இதில் இருக்கிறது.

சளியின் நிறமும் இந்தக் கதையைத்தான் சொல்கிறது. நியூட்ரோஃபிலுக்குள் இருக்கும் மைலோபெராக்ஸிடேஸ் என்ற நொதிக்கு இயல்பிலேயே பச்சை நிறம். அந்த அணுக்கள் எவ்வளவு குவிகின்றனவோ, சளி அவ்வளவு பச்சையாகும். காலையில் அப்பா துப்புவதை ஒரு வெள்ளை டிஷ்யூ தாளில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். அவருக்கு வழக்கமான நிறம் எது என்று உங்களுக்குப் பழகிவிட்டால், மாறும் அன்றே தெரிந்துவிடும்.

சரி, மூச்சு ஏன் முட்டுகிறது? காற்று உள்ளே போகவில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் வெளியே வர முடியாததுதான் பெரிய தொல்லை. குழாயின் உள் அகலம் பாதியானால் காற்றுக்கு உண்டாகும் தடை இரண்டு மடங்கு அல்ல, பதினாறு மடங்கு. பழைய காற்று முழுதும் வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடும். நீங்களே ஒன்று செய்து பாருங்கள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, அதில் கொஞ்சம் மட்டும் வெளியே விட்டு மறுபடி இழுங்கள். அதே மேல்மட்டத்திலேயே நாலைந்து தடவை விட்டு இழுங்கள். அந்தத் தவிப்புதான் அப்பாவுக்கு ராத்திரி முழுக்க. அந்த நேரத்தில் வேகமாக மூச்சுவிடச் சொல்லாதீர்கள். முன்னால் சாய்ந்து உட்கார வைத்து, உதட்டைக் குவித்து, சூடான காப்பியை ஊதுவதுபோல மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள். சிறு குழாய்கள் சட்டென்று மூடிக்கொள்ளாமல் இருக்க அது உதவும்.

மிச்ச மாத்திரையை நீங்களாகத் தொடங்க வேண்டாம். ஜலதோஷ வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. மூச்சுத்திணறல் கூடுவது, சளியின் அளவு கூடுவது, நிறம் மாறுவது என்று மூன்று விஷயங்களைப் பார்த்துத்தான் அது வேண்டுமா என்று முடிவு செய்கிறோம். அதில் நிறத்துக்கு எடை அதிகம். குழாய் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் பெரும்பாலானவர்களுக்கு 5 நாள் போதும். 14 நாள் கொடுத்தவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2013-இல் வந்தது, 5 நாள் எந்த விதத்திலும் குறைந்துபோகவில்லை. அடிக்கடி எடுத்தால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். ஆனாலும் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எந்த அறிகுறிக்கு எந்த மாத்திரை, எத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்து, மருந்தையும் முன்கூட்டியே வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லும் வழக்கம் உண்டு. விவரமாகக் கவனிக்கிற குடும்பங்களுக்கு நானும் அப்படிக் கொடுக்கிறேன். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

ஆக்ஸிஜன் விஷயத்தில் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், இஷ்டத்துக்குக் கூட்டாதீர்கள். இந்த நோயாளிகளில் பலருக்கு ஆக்ஸிஜன் அளவு மீறினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறும். விரலில் மாட்டும் கருவி 98 என்று காட்டும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள், ஆள் தூங்கி வழிந்துகொண்டிருப்பார். அது தூக்கமல்ல, ஆபத்து. டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் தவிர, 88 முதல் 92 வரை இருந்தால் போதும். அதற்குக் கீழே போனாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐ அழையுங்கள்.

ஒரு வருடத்தில் இரண்டு மூன்று தடவை இப்படி வந்தவருக்கு அடுத்த வருடமும் வரும் வாய்ப்பு அதிகம். அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் விட்டுவிடாமல், அவர் நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை டாக்டரைப் பாருங்கள். ரத்தத்தில் ஈசினோஃபில் எனும் இன்னொரு வகை வெள்ளை அணுவின் எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். அது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 300-ஐத் தாண்டினால், ஸ்டீராய்டு சேர்ந்த இன்ஹேலர் அவருக்கு நன்றாகவே கைகொடுக்கக்கூடும். வருடாவருடம் ஃப்ளூ தடுப்பூசி, கூடவே நிமோகாக்கல் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். அப்புறம், இன்ஹேலரை எடுத்துப் போய், அப்பா வழக்கமாக இழுப்பதுபோலவே டாக்டர் முன்னால் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். பம்பை அழுத்திய பிறகு தாமதமாக இழுத்து, மருந்தில் பாதியை நாக்கிலேயே விட்டுவிடுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். பம்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் ஸ்பேசர் என்ற குழாய் ஒன்று வாங்கினாலே அது பெரும்பாலும் சரியாகிவிடும்.