போனிலிருந்து குதித்தவன்

அன்புள்ள ஐயா,

மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். மகள் ஐந்தாம் வகுப்பு. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் அவர் கரையில், அவர் போன் இவள் கையில். வீடியோ கேம் ஆட்கள் உயிரோடு வெளியே வருகிற மாதிரி ஒரு சித்திரக்கதையைத் தோழி வீட்டில் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து இவளும் நோட்டில் வரைகிறாள். அதே மாதிரிப் புத்தகம் வேண்டும் என்று நச்சரிப்பு வேறு. "கேம் போதாதுன்னு அதுக்கு ஒரு புத்தகமா?" என்கிறார் இவர். வெறும் எழுத்தாக இருக்கும் கதைகளை அவள் தொடுவதே இல்லை. வாங்கித் தரலாமா? அவள் வரைந்த ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

* * *

அன்புள்ள சகோதரி,

தாராளமாக வாங்கிக் கொடுங்கள். படக்கதை படிப்பதும் படிப்புதான். ஒரு படக்கட்டத்தில் அடிக்கக் கை ஓங்கியிருக்கிறது, அடுத்த கட்டத்தில் பானை உடைந்து கிடக்கிறது. நடுவில் விழுந்த அடியை யாரும் வரையவில்லை, படிக்கிற பிள்ளைதான் மனதுக்குள் வரைந்துகொள்கிறது.

ஆனால் கடையில் நின்றபடியே பத்துப் பக்கம் புரட்டுங்கள். வெளியே வந்தவர்கள் ஓடுவதும் வெடிப்பதுமாகவே இருந்தால் வைத்துவிடுங்கள். கேமுக்குள் அவர்களுக்கு ஒரு குணம் உண்டு. 1980-இல் ஜப்பானில் வந்த பேக்மேன் என்ற கேமில் நம்மைத் துரத்த நான்கு பேய்கள். சிவப்பு நேராகத் துரத்தும். இளஞ்சிவப்பு நாம் போகும் திசையில் கொஞ்சம் முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். ஆரஞ்சு இருக்கிறதே, வீராப்பாகக் கிட்டே வந்து, நெருங்கியதும் தன் மூலைக்கு ஓடிவிடும். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் காசைக் கொட்டி ஆடிய வயதில் எனக்கு நான்கும் ஒன்றுதான். பிற்பாடு விஷயம் தெரிந்தபோது, அடடே, இந்த ஆரஞ்சுக்காரனை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. அவன் வெளியே வந்து, பாம்பனில் ஒரு நாய் குரைத்தால் என்ன செய்வான்? அங்கேதான் கதை இருக்கிறது.

அப்புறம், கேமின் சட்டம் கரையில் செல்லாது. கேமை நிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். வாடைக்காற்றை யார் நிறுத்தி வைப்பது?

இதெல்லாம் உங்கள் மகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னணியில் 2025-இல் திறந்த புதுப் பாம்பன் பாலம். நடுவிலிருக்கும் 72.5 மீட்டர் துண்டு கப்பலுக்கு வழிவிட நேராக மேலே ஏறுமே, அதை இவள் கதாநாயகன் கேமில் வரும் நகரும் மேடை என்று நினைத்துத் தாவுகிறான். தப்பிக் கடலில் விழுகிறான். தலைக்கு மேல் மூன்று இதயம், கேம் கணக்கில் மூன்று உயிர். அதில் ஒன்று உப்புத்தண்ணீரில் கரைகிறது, பென்சில் கோட்டை விரலால் தேய்த்தே கரைத்திருக்கிறாள். அடுத்த கட்டத்தில் அப்பா படகோடு வருகிறார். 'தடதட' என்று இன்ஜின். அவர் தலைக்கு மேல் ஒரே ஓர் இதயம். பேச்சு எதுவும் எழுதவில்லை. அந்தக் கட்டத்தைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஒரு குறையும் சொல்லவேண்டும். படகில் கிடக்கும் வலையின் கண்ணி ஒவ்வொன்றும் ஜன்னல் அளவு இருக்கிறது, சுறாவே நழுவிவிடும். வீட்டுக்காரர் கரையில்தானே இருக்கிறார்? வலையின் மடி, அதாவது மீன் சேரும் பை, எப்படி இருக்கும் என்று அவரையே அந்த நோட்டில் வரைந்து காட்டச் சொல்லுங்கள்.