வாங்கும் முன் கேளுங்கள்: வீட்டுப் பியர்ச் சாமான்கள்

கேள்வி: டின்னில் வரும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்றில் மூன்று முறை பியர் செய்துவிட்டேன். இனி மால்ட் தானியத்தையே ஊறவைத்துச் செய்ய ஆசை. 400 பவுண்டு மின்சாரப் பானை அவசியமா? (ஹரோ)

பதில்: வேண்டாம். முதல் தடவைக்கு 40 லிட்டர் எவர்சில்வர் பானையும் மால்ட்டைப் போட்டு ஊறவைக்க மெல்லிய துணிப்பையும் போதும். 23 லிட்டர் பியருக்கு 23 லிட்டர்ப் பானை என்று எண்ணிவிடாதீர்கள். 5 கிலோ மால்ட் நான்கைந்து லிட்டர் தண்ணீரைக் குடித்துவிடும், ஒரு மணி நேரக் கொதியில் இன்னும் மூன்று நான்கு லிட்டர் ஆவியாகும். ஆகவே 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் வைத்துத்தான் தொடங்க வேண்டும்.

கேள்வி: மால்ட்டை 66 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். நொதிப்பு ஹைட்ரோமீட்டரில் (மிச்சச் சர்க்கரையைக் காட்டும் அடர்த்திமானி) 1.022-இல் நின்றுவிட்டது, பியர் இனிக்கிறது. ஈஸ்ட் கெட்டது என்று கடையில் காசைத் திருப்பிக் கேட்கலாமா? (குரொய்டன்)

பதில்: அதற்கு முன் உங்கள் வெப்பமானியைச் சோதியுங்கள். உருகும் பனிக்கட்டி நீரில் 0, கொதிநீரில் 100 காட்ட வேண்டும். எனக்கும் இதே கதிதான். பானையில் பொருத்திய வட்ட முள் வெப்பமானியை நம்பி மூன்று தடவை காய்ச்சினேன். அது 66 என்றபோது உள்ளே 72. அந்தச் சூட்டில், ஈஸ்ட் தின்னும் சர்க்கரையை உண்டாக்குகிற நொதி விரைவில் செத்துவிடும். மிஞ்சும் இனிப்பை ஈஸ்டால் தொட முடியாது. 15 கிலோ மால்ட் வீணானது. பளபளக்கும் பானையில் இப்படிப்பட்ட வெப்பமானியைச் செருகி விற்பவர்கள்மீது எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. சூட்டைச் சரியாகக் காட்டாத வெப்பமானி பழுதான பொருள்தான். ஈஸ்ட்டை விட்டுவிட்டு அதற்குக் காசு கேளுங்கள்.

கேள்வி: 380 பவுண்டுக்குக் கடன் அட்டையில் வாங்கிய மின்சாரப் பானை 12ஆம் நாளே அடியில் ஒழுகுகிறது. தயாரித்தவர்களுக்கு எழுதச் சொல்கிறார் கடைக்காரர். (லெஸ்டர்)

பதில்: உங்களை அலையவிடுகிறார், விடாதீர்கள். காசு வாங்கியவர் அவர், பொறுப்பும் அவருடையதே. பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். இன்றே எழுத்தில் கேளுங்கள், படமும் இணையுங்கள். மறுத்தால் அட்டை நிறுவனத்திடம் போங்கள். 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளென்பதால் அவர்களும் பொறுப்பாளிகள். அதுவரை அந்தப் பானையை மின்சாரத்தில் செருகவே வேண்டாம்.

கேள்வி: உடைக்காத மால்ட் வந்துவிட்டது. மிக்ஸியில் அரைக்கலாமா? (ஈஸ்ட் ஹாம்)

பதில்: மாவாக்கினால் உமி சிதைந்து சாறு வடியாது. உடைத்ததா, முழுதா என்று கேட்ட இடத்தில் தெரிவு செய்தவர் நீங்கள்தானே! இணையத்தில் வாங்கி மூட்டையைப் பிரிக்காமல் வைத்திருந்தால், கைக்கு வந்து 14 நாளுக்குள் ரத்துச் செய்யலாம். தபால் செலவை நீங்கள் கட்ட வேண்டிவரும்.

கேள்வி: ஐந்தாம் நாளே போத்தலில் அடைத்தேன். நான்கு போத்தல்கள் வெடித்துவிட்டன. போத்தல் விற்றவர் நட்டஈடு தருவாரா? (சவுத்ஹால்)

பதில்: தரமாட்டார். நொதிப்பு முடிந்ததா என்று பார்க்காமல் அடைத்தது உங்கள் தவறு. ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒரே எண்ணைக் காட்டிய பிறகே அடைக்க வேண்டும். மிச்சப் போத்தல்களைக் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள், பிள்ளைகளையும் கிட்ட விடாதீர்கள்.

கேள்வி: அயலவருக்கு விற்கலாமா? (லூட்டன்)

பதில்: கூடாது. உரிமமும் வரியும் இல்லாமல் செய்ய விட்டிருப்பது வீட்டுப் பாவனைக்கு மட்டும்.